இருபதுக்குப் பதிமூன்று

அந்த வருஷம் எனக்கு மூன்று வேலைகள் இருந்தன. மூன்றையும் அரைகுறையாகத்தான் செய்தேன். கல்லூரியில் பிரெஞ்சுப் பிரிவில் ரசாயனம் படித்தேன். மாணவர் சங்கச் செயலாளராக ஆண்டு விழா நாடகங்களோடு மல்லுக்கட்டினேன். மிச்ச நேரத்தில், ஏதாவது ஆலையின் ஆய்வுக்கூடத்தில் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்று விண்ணப்பம் எழுதினேன். முதல் இரண்டும் சொதப்பினால் பெயர் கெடும், அவ்வளவுதான். மூன்றாவது சொதப்பினால் பட்டாளத்துக்குப் போக வேண்டும்.

அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அப்படிப்பட்டவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். இந்தியக் கொடி ஏறிச் சில வருஷங்கள் ஆகியிருந்தாலும், காகிதத்தில் நாங்கள் இன்னும் பிரெஞ்சுக் குடிமக்கள்தான். பெரியப்பா மகன் ஏற்கெனவே அல்ஜீரியாவில் துப்பாக்கி பிடித்துக்கொண்டிருந்தான். ஈஸ்டருக்குள் ஓர் இடம் கிடைத்தால் சரி, இல்லாவிட்டால் அண்ணன் போன வழியில் நீயும் கப்பலேறு என்று அப்பா சொல்லிவிட்டார். கோபமாகச் சொல்லவில்லை. எனக்குப் பின்னால் இரண்டு தங்கைகள் இருந்தார்கள். பட்டாளம் சோறு போடும் என்பது அவர் கண்ணால் கண்டது. ரசாயனம் சோறு போட்டு அவர் பார்த்ததில்லை.

கல்லூரியிலோ தினம் ஒரு ரகளை. அதுவரை ஆண்டு விழா என்றால் பிரெஞ்சு நாடகம் ஒன்றுதான். அந்த வருஷம் தமிழ் நாடகமும் வேண்டும் என்று ஒரு கூட்டம் கிளம்பியது. புதிதாகத் தொடங்கியிருந்த ஆங்கிலப் பிரிவுக்காரர்கள் தங்களுக்கும் கொஞ்ச நேரம் வேண்டுமென்று நின்றார்கள். யார் முதலில் மேடையேறுவது என்ற தகராறை விலக்கப் போய் என் சட்டைப் பொத்தான்கள் தெறித்தன. அரசிக்கு டோப்பா தேடி அலைந்த நாளில் ஒரு செய்முறை வகுப்பே போயிற்று.

அந்த அரசி என் சிநேகிதன்தான். மூலக்குளத்தில் விவசாயக் குடும்பம். சாயங்காலம் மீசையில்லாத முகத்தோடு மேடையில் நின்று புருஷனுக்காக அழுவான். மறுநாள் வகுப்பில் என்னைவிட ஒரு மார்க் கூடுதலாக வாங்குவான். எப்போதுதான் படித்தானோ, கடவுளுக்கே வெளிச்சம். அதற்காகவே அவனை நன்றாகத் திட்டியிருக்கிறேன். அவனும் ஆலைகளுக்கு எழுதிக்கொண்டிருந்தான். அவனுக்கும் எங்கிருந்தும் நல்ல பதில் வரவில்லை.

தவக்காலம் தொடங்கிவிட்டது, ஈஸ்டருக்கு இன்னும் ஆறு வாரம்தான். கடலூர்ப் பக்கம் ஒரு சர்க்கரை ஆலையில் கரும்புச் சாற்றைச் சோதிக்கப் பயிற்சி ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு எழுதியிருந்தேன். பதில் வரவில்லை. பொறுக்க முடியாமல் பஸ் பிடித்து நேரிலேயே போய்விட்டேன்.

ஆய்வுக்கூடத்து அதிகாரி மெட்ராஸ்காரர். மரியாதையான மனிதர், உட்காரச் சொன்னார். காகிதக் கட்டுக்குள்ளிருந்து என் விண்ணப்பத்தைத் தேடி எடுத்து, மார்க்குகளின் மேல் விரலை வைத்தார்.

"தம்பி, ஃபெயிலான மார்க்கைப் போய் இவ்வளவு அழகா எழுதி அனுப்பியிருக்கீங்களே, ஏன்?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ரசாயனத்தில் பதிமூன்று. எங்கள் வகுப்பில் பதிமூன்று வாங்கியவன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நடப்பான். பிறகுதான் பொறி தட்டியது. அவர் அதை நூற்றுக்குப் பதிமூன்று என்று படித்திருக்கிறார். இருபதுக்கு என்று நான் எங்கேயும் எழுதவில்லை. பள்ளிக்கூடத்தில் காலெடுத்து வைத்த நாளிலிருந்து மார்க் என்றால் இருபதுக்குத்தான் எங்களுக்கு. அதைத் தனியாக எழுத வேண்டும் என்று நானும் நினைக்கவில்லை, என்னோடு படித்தவர்களில் ஒருவனும் நினைக்கவில்லை. அத்தனை ஆலைகளுக்கும் எங்களை நாங்களே முட்டாள்கள் என்று எழுதிக்கொடுத்திருக்கிறோம். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

இருபதுக்கு சார், என்றேன். அவர் பென்சிலால் கணக்குப் போட்டு, அப்படியானால் அறுபத்தைந்து, அதுவும் சுமார்தானே என்றார். மெட்ராஸில் எண்பது வாங்கியவர்களே இந்த இடத்தைக் கேட்டிருக்கிறார்களாம். எங்கள் பேராசிரியர் பதினாலுக்கு மேல் யாருக்கும் போட்டதில்லை என்று சொன்னேன். அதை அவரிடமே எழுதி வாங்கி வரும்படி அனுப்பினார். இருப்பது ஒரே இடம், சீக்கிரம் வாருங்கள் என்றும் சொன்னார்.

பேராசிரியர் வெள்ளைக்காரர், பிடிவாதக்காரர். பதிமூன்று என்றால் பதிமூன்றுதான், அதற்கு விளக்கம் எழுதி எண்பதாக்கிக் காட்டினால் தான் பொய்யனாகிவிடுவேன் என்றார். கெஞ்சினேன். கடைசியில், வகுப்பில் நான் இரண்டாவது என்பது உண்மைதான் என்று சொல்லி, அதை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். எனக்கு அது போதும். அன்று ஒத்திகைக்குக்கூடப் போகாமல் மறுபடி பஸ் ஏறினேன்.

அதிகாரி படித்தார். முகம் மலர்ந்தது.

"ரெண்டாவதா? நல்லது. மொதல்ல வந்தது யாரு?"

பொய் சொல்லத் தோன்றவே இல்லை என்று பெருமையடிக்க மாட்டேன். அவனுக்கு வேறு வேலை கிடைத்துவிட்டது, அவன் கப்பலேறிவிட்டான், என்னென்னவோ தோன்றியது. தோன்றி முடிப்பதற்குள் வாய் அவன் பெயரைச் சொல்லிவிட்டது. மூலக்குளம் என்று ஊரையும் சேர்த்துச் சொன்னது. அவர் குறித்துக்கொண்டு எனக்கு நன்றி சொன்னார்.

அடுத்த வாரம் சிநேகிதன் சைக்கிளில் வந்து நின்றான். ஆலையில் கூப்பிட்டு வந்த கடிதத்தை என்னிடம் நீட்டினான். தான் போகப் போவதில்லை என்று மட்டும் சொன்னான். எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது.

"போடா. நீ போவலேன்னா எனக்கா குடுப்பாங்க? மெட்ராஸ்காரன் எவனாவது வருவான்."

அவன் போனான். அவன் நன்றாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். ஏன் எப்போதும் அந்த ஒரு மார்க் என்றும் நினைத்தேன்.

அன்று அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நடந்ததைச் சொன்னேன். திட்டு விழும் என்று காத்திருந்தேன். அவர் முழுதும் சாப்பிட்டார், கை கழுவினார், வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். இந்தோசீனாவில் எத்தனையோ வருஷம் சண்டையில் இருந்தவர், அதைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"கால ஈரமா வச்சிக்காதடா. பூட்ஸ கழட்டுனா தலமாட்டுல வச்சிக்க. எவனாச்சும் பேர் சொல்லிக் கூப்டா ஒடனே எழுந்து நிக்காத. படுத்துக்கிட்டே பாரு, யாருன்னு."

சொல்லிக்கொண்டே போனார். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். பட்டாளம் என்பது என்னைப் படிக்க வைக்க அப்பா காட்டும் பூச்சாண்டி என்று அதுவரை எங்கோ ஒரு மூலையில் நம்பிக்கொண்டிருந்தேன். அன்று அவர் முகத்தைப் பார்த்தேன். அவருக்கும் பயமாக இருந்தது.