தாய்மாமனும் ஒரு விருந்தாளிதான்

பெரம்பலூரில் வீட்டிலிருந்தபடியே பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு புரோகிராம் எழுதுகிறவன் நான். அதோடு நிறுத்தியிருக்கலாம். என் மகளின் காதுகுத்துக்கு அரியலூர் மண்டப வாசலில் ஒரு டிவியை வைத்து, வருகிறவர்களை வரவேற்க வைக்கிறேன் என்று கிளம்பினேன். பத்திரிகையில் உள்ள கியூஆர் கோடைக் காட்டினால், வந்தவர் யாரென்று பார்த்து அவருக்கேற்ற வரவேற்பைத் திரை காட்டும். தாய்மாமனுக்கு மட்டும் தனி ஏற்பாடு. அவர் படம், நாதஸ்வரம், திரை முழுக்கப் பூ.

புரோகிராமில் விருந்தாளி என்று ஒரு வகை. அதற்குள் சொந்தக்காரர், அதற்குள் தாய்மாமன். ஆள் வந்து நின்றதும், நீங்கள் எந்த வகை என்று அது வரிசையாகக் கேட்கும். ஆமாம் என்று பதில் வந்த இடத்தில் நின்றுவிடும். தாய்மாமனா என்பதை முதலிலும் விருந்தாளியா என்பதைக் கடைசியிலும் கேட்க வேண்டும். நான் தலைகீழாக எழுதிவைத்திருந்தேன். அக்கம்பக்கத்து நண்பர்களை வைத்துச் சோதித்தபோது எல்லாம் ஒழுங்காக வந்தது. அவர்கள் எல்லாரும் வெறும் விருந்தாளிகள்.

என் மனைவியின் அண்ணன், வரதராஜன்பேட்டையிலிருந்து வேன் பிடித்து, மேளத்தோடும் சீர்த்தட்டுகளோடும் வந்து இறங்கினார். பத்திரிகையைக் காட்டினார். "விருந்தினரே வருக. சாப்பாடு மாடியில்" என்றது திரை.

மேளம் நின்றது. மச்சான் திரும்பி, எதிர் டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டார். சீர்த்தட்டுகளும் பின்னாலேயே போயின. தாய்மாமன் மடியில் உட்காராத குழந்தைக்கு எங்கள் பக்கத்தில் எந்த ஆசாரியும் காது குத்த மாட்டார். நல்ல நேரமோ முடியப்போகிறது. மனைவி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

ஓடினேன். "மச்சான், கோவிச்சுக்காதீங்க. உங்கள மொதல்ல விருந்தாளியான்னு கேட்டுடுச்சு, அதான்..."

"நான் விருந்தாளியா மாப்ள?"

"தாய்மாமன்தாங்க. ஆனா தாய்மாமனுக்குள்ள விருந்தாளியும் இருக்காருங்க."

"எனக்குள்ள ஒருத்தரும் இல்ல. நான் வந்தா எனக்கு உள்ளது தானா நடக்கணும். யாருன்னு கேட்டுட்டுத்தான் மரியாத பண்ணுவீங்கன்னா, எனக்கு அது வேணாம்."

என் டீம் லீடரும் இதையேதான் சொல்வார். வந்ததிடம் வகை கேட்டுக் கேட்டு வேலை செய்யாதே, அதற்கு உரியது தானாக நடக்கும்படி எழுது என்பார். அவர் சொன்னபோது எரிச்சல் வரும். இப்போது பயம் வந்தது.

அதற்குள் மனைவி மகளைத் தூக்கிக்கொண்டு வந்து இறக்கிவிட்டாள். மகள் யாரையும் எதுவும் கேட்கவில்லை. நேரே மாமன் மடியில் ஏறி உட்கார்ந்து, அவர் கையிலிருந்த டீக்கடைப் பன்னைப் பிடுங்கித் தின்ன ஆரம்பித்தாள். மச்சானின் கை தானாக அவளை அணைத்துக்கொண்டது. மண்டபத்திலிருந்து பின்னாலேயே வந்த ஆசாரி கடிகாரத்தைப் பார்த்தார், பெஞ்சுக்கு முன்னாலேயே குந்திவிட்டார்.

ஊசி ஏறியதும் மகள் வீறிட்டாள். "மாமா இருக்கேன்டா தங்கம், மாமா இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே மச்சானும் தேம்பினார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. அவள் அழுகை நின்ற பிறகும் அவருடையது நிற்கவில்லை. கடைசியில் அவள்தான் மீதிப் பன்னை அவர் வாயில் திணித்து அடக்கினாள்.