வெங்காயக் கொண்டெய்னரும் ரீட்ரை செட்டிங்கும்

1. புரோகிராம் வந்த கதை

தீபாவளிக்கு ஒரு வாரம் இருந்தது. மொய்தீன் அண்ணனின் வெங்காயக் கொண்டெய்னர் போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் வெயிலில் நின்றது. அதை வெளியே எடுக்க வேண்டிய ரிலீஸ் நம்பர் எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் வரவில்லை. நம்பர் இல்லாமல் லோரி கேட்டைத் தாண்டாது. மொய்தீன் அண்ணன் கிள்ளானில் மொத்த வியாபாரி. வருடத்தில் அவர் நம்பியிருப்பது அந்த ஒரு வார விற்பனையைத்தான்.

எழுபதுகளிலிருந்து நான் கிள்ளானில் கப்பல் சரக்கை வெளியே எடுத்துக் கொடுக்கும் ஒரு ஃபார்வர்டிங் ஆபீசில் வேலை பார்த்தவள். தமிழ்ப் பள்ளியில் ஆறாவதோடு படிப்பு சரி. இங்கிலீஷில் கப்பல் பெயரும் கொண்டெய்னர் நம்பரும் படிப்பேன். அதற்கு மேல் தேவைப்படவில்லை. என் வேலை டெலிபோன். கப்பல் ஏஜெண்டுகளுக்குப் போன் போட்டு, எது ரிலீஸ் ஆனது என்று கேட்டு, லோரியை அனுப்ப வேண்டும். ஏஜெண்ட் ஆபீஸ் போன் எந்நேரமும் எங்கேஜ்டாக இருக்கும். திரும்பத் திரும்ப அடிப்பேன். லைன் கிடைக்காமல் நான் விட்டேன் என்று அந்த ஆபீசில் ஒருவரும் சொல்ல முடியாது.

தொண்ணூறுகளின் கடைசியில் பெரிய ஏஜெண்ட் ஒருவர் போனில் சொல்வதை நிறுத்திவிட்டு நம்பர்களை வெப்பில் போட ஆரம்பித்தார். எங்கள் முதலாளி அதற்காக பிரிக்பீல்ட்ஸிலிருந்து கௌரி என்ற பெண்ணை வேலைக்கு எடுத்தார். யாழ்ப்பாணக் குடும்பத்துப் பெண், என்னை ஆன்டி என்பாள். கொண்டெய்னர் நம்பரைக் கொடுத்தால் வெப்பில் போய்ப் பார்த்து வரும் புரோகிராம் ஒன்றை எழுதினாள். போவது, கேட்பது, பதிலை வாங்கி வருவது எல்லாம் யாரோ முன்பே எழுதி வைத்த, லைப்ரரி என்கிற புரோகிராம் தொகுப்பின் வேலையாம். நாம் அதற்கு செட்டிங் மட்டும் சொன்னால் போதும். பதிலுக்கு எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பது டைம்-அவுட். கிடைக்காவிட்டால் எத்தனை தடவை மறுபடி கேட்பது என்பது ரீட்ரை. நடுவில் எவ்வளவு நேரம் சும்மா இருப்பது, ஒரே சமயத்தில் எத்தனை கனெக்‌ஷன் திறப்பது என்பதையும் சொல்ல வேண்டும். கௌரி எல்லாவற்றையும் அளவாக வைத்திருந்தாள். ஒழுங்காக ஓடியது.

2. முதலாளியின் செட்டிங்

தீபாவளிச் சரக்கு குவிந்ததும் ஏஜெண்டின் கம்ப்யூட்டர் மெதுவானது. எங்கள் ஸ்கிரீனில் டைம்-அவுட் என்று சிவப்பு எழுத்தில் வரத் தொடங்கியது. முதலாளிக்குச் சிவப்பைக் கண்டால் ஆகாது. கௌரியின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"என்னா லா இது, மூணு தடவ கேட்டுட்டுப் படுத்துக்குது? நம்ம லெட்சுமி இப்படியா செஞ்சுச்சு? கிடைக்கிற வரைக்கும் அடிக்கும். அது மாதிரி வையி."

"அங்க உள்ள சர்வர் தாங்காது, பொஸ்."

"அவன் சர்வர் அவன் பாடு. நமக்குச் சாமான் வெளிய வரணும்."

நான் எழுந்து போய், நான் அடித்தது அப்படி இல்லை என்றேன். எங்கேஜ்ட் சத்தம் வந்தால் ரிசீவரை வைத்துவிட்டு, தேத்தண்ணியில் ஒரு மடக்குக் குடித்துவிட்டுத்தான் மறுபடி அடிப்பேன். எனக்கு இருந்தது ஒரு வாய், கேட்டது ஒருத்தியிடம். எடுப்பவள் பேப்பரைப் புரட்டிப் பார்க்கும் வரை லைனில் காத்தும் இருப்பேன். முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஒன்னப் புகழ்ந்துதானே பேசுறேன், அதுக்கும் சண்டைக்கு வரியா?"

ரீட்ரைக்கு எல்லை கிடையாது, இடைவெளி கிடையாது, டைம்-அவுட் இரண்டே செகண்ட், எத்தனை கொண்டெய்னரோ அத்தனை கனெக்‌ஷன். எல்லாவற்றையும் அவரே சொல்லச் சொல்ல கௌரி மாற்றினாள். அடுத்த நாள் அந்த ஃபைலைத் திறக்கவும் கற்றுக்கொண்டு தன் கையாலேயே இன்னும் முடுக்கினார். மெதுவான சர்வரிடமிருந்து இரண்டு செகண்டில் என்ன பதில் வரும்? பதில் புறப்படும் நேரத்தில் நம்முடையது இணைப்பை அறுத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து கேட்கும். இதைக் கௌரி எத்தனை விதமாகச் சொல்லியும் அவர் காதில் ஏறவில்லை.

பிறகு ஒரு நம்பரும் வரவில்லை. முயற்சி செய்கிறது, முயற்சி செய்கிறது என்றே ஸ்கிரீன் காட்டியது. பண்டிகை நேரம், எல்லோருக்கும் இப்படித்தான் இருக்கும் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

மொய்தீன் அண்ணன் தினமும் வந்து என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்தார். சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன். அவர் போடவில்லை. "முளை விட்டுரும்மா. கடன் சொல்லி எறக்குன சரக்கு. தீபாவளி போனா யாரு வாங்குவா?" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. காப்பார் பக்கம் இன்னொரு ஃபார்வர்டிங் ஆபீசில் இருந்த பழைய சிநேகிதிக்குப் போன் போட்டேன். "எங்களுக்கு நல்லாத்தானே வந்துக்கிட்டு இருக்கு" என்றாள். கௌரி சோதித்துப் பார்த்தாள். எங்கள் ஆபீசுக்கு மட்டும் கதவைச் சாத்தியிருந்தார்கள்.

3. மிஸ் லிம்

கௌரியின் காரிலேயே போர்ட்டுக்குப் போனோம். லோரிக்காரனையும் கேட்டுக்குப் பக்கத்தில் வந்து நிற்கச் சொல்லிவிட்டேன். ஏஜெண்டின் கம்ப்யூட்டரைக் கவனிப்பவர் மிஸ் லிம் என்ற சீனப் பெண். எங்கள் ஆபீஸ் பெயரைச் சொன்னதும் முகம் மாறிவிட்டது. தன் ஸ்கிரீனை எங்கள் பக்கம் திருப்பினார். மேலிருந்து கீழே வரை எங்கள் கம்ப்யூட்டரின் அட்ரஸ்தான். யாரோ வேண்டுமென்றே சர்வரைக் கெடுக்கப் பார்க்கிறார்கள் என்று நினைத்து அடைத்தாராம். எங்களால் மற்ற ஆபீஸ்களும் வரிசையில் மாட்டிக்கொண்டன என்று மலாயில் திட்டினார். ஒரு தடவை போன் பண்ணி, எவ்வளவு கேட்கலாம் என்று விசாரித்திருக்கக் கூடாதா என்றார்.

நம்பரை வாயால் சொல்ல அவருக்கு அனுமதி இல்லை. திறந்துவிடுகிறேன், முதலில் செட்டிங்கை மாற்றுங்கள் என்றார். ஒரு சமயத்தில் ஒரே கனெக்‌ஷன். பதிலுக்கு நிதானமாகக் காத்திருக்க வேண்டும். கிடைக்காவிட்டால் ஒவ்வொரு தடவையும் இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். புரோகிராம் கேட்கும்போதே தன் பெயரையும் எங்கள் போன் நம்பரையும் சொல்ல வேண்டும், அடைக்குமுன் அவர் கூப்பிட்டுப் பேசுவதற்கு.

கௌரி அங்கிருந்தே முதலாளிக்குப் போன் போட்டு ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவர் தகராறு செய்வது எனக்கே கேட்டது. போனை வாங்கினேன்.

"எல்லாரும் அடிக்கிறப்ப நம்ம மட்டும் வரிசையில நிக்கணுமா?" என்றார்.

"மொய்தீன் அண்ணன் வெங்காயம் இங்க வெயில்ல நிக்குது, பொஸ். டைப் பண்ணுங்க."

டைப் செய்தார். மிஸ் லிம் திறந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் முதலாளியே ரிலீஸ் நம்பரைப் போனில் வாசித்தார். லோரி கேட்டைத் தாண்டியது.

கொண்டெய்னர் உள்ளே வேர்த்த ஈரத்தில் மேலடுக்கு மூட்டைகள் ஊறி அழுகியிருந்தன. கீழே இருந்தவை பிழைத்தன. மொய்தீன் அண்ணன் அவற்றைப் பண்டிகைக்கு முன்பே விற்றுவிட்டார், கடையும் தப்பியது.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். டைம்-அவுட்டும் ரீட்ரையும் உங்கள் ஃபைலில் இருந்தாலும் அவை உங்கள் இஷ்டம் மட்டும் இல்லை. பதில் சொல்கிற பக்கம் எவ்வளவு தாங்கும் என்று முதலில் கேளுங்கள், அதற்குப் பிறகு எண்ணைப் போடுங்கள்.

முதலாளிக்கு இதை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அழுகிய மூட்டை ஒன்றை மொய்தீன் அண்ணன் ஆள் வைத்துத் தூக்கிவந்து எங்கள் ஆபீஸ் படிக்கட்டில் இறக்கினார்.

"ஒங்க பொஸ்கிட்ட குடும்மா. அவரு செட்டிங்ல வெளஞ்சது" என்றார்.