ரோசிபெல்லின் டப்பா

காப்பிப் பழம் பறிக்கும் காலத்தில்தான் எங்கள் மலைக்கிராமமான எல் கர்போனில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் மலத்தைச் சோதித்தார்கள். சோதித்தவள் சுகாதார நிலையத்து நோல்வியா. நுண்ணோக்கியில் குனிந்து குனிந்தே கழுத்து ஒருபக்கம் சாய்ந்துபோனவள். பிள்ளைகள் அவளைப் "பீ ராணி" என்பார்கள். காதில் விழுந்தால் சிரித்துக்கொள்வாள்.

அந்த முறை அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ரோசிபெல்லின் டப்பாவில் ஒரு புழு முட்டைகூட இல்லை. ரோசிபெல், ஞானஸ்நானத்தில் அவள் கையில் ஏந்திய ஞானமகள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பார்த்தபோது உதடு வெளுத்திருந்தது. படியேறவே மூச்சு வாங்கியது. சுவரைச் சுரண்டி மண்ணை வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். தோட்டத்தில் வெறுங்காலோடு திரிகிற பிள்ளைக்கு, பாதம் வழியே ஏறி இரத்தம் குடிக்கும் கொக்கிப்புழு இல்லாமல் இருக்குமா? மலம் தடவிய கண்ணாடித் தகட்டை உடனே பார்க்காமல் வைத்திருந்தால் அந்த முட்டைகள் மறைந்துவிடும். அன்று தாமதித்துவிட்டோமா, இல்லை டப்பாவே மாறிவிட்டதா என்ற சந்தேகம் நோல்வியாவை விடவில்லை.

மறுநாள் காலையிலேயே மோட்டார் சைக்கிளில் அந்த வீட்டுக்குப் போனாள். ரோசிபெல்லின் அம்மா இல்சியா அடுப்படியில் இருந்தாள். ஞான உறவு என்பதால் இருவரும் ஒருவரையொருவர் கொமாட்ரே என்றுதான் கூப்பிடுவார்கள்.

"கொமாட்ரே, டப்பால பிள்ளையோடதத்தானே குடுத்தே?"

"பின்ன, பன்னியோடதயா குடுப்பேன்?" இல்சியா சோள ரொட்டி தட்டுவதை நிறுத்தவில்லை.

"என் கண்ணப் பாத்துச் சொல்லு."

இல்சியாவின் கை நின்றது. "அன்னிக்கு அவளுக்கு வரவே இல்ல. வெறும் டப்பாவக் குடுத்தா டீச்சர் கத்துவாங்க. கைக்குழந்தையோடத அள்ளிப் போட்டுட்டேன். ரெண்டும் ஒரே வயித்துல பொறந்ததுதானேன்னு..."

"அடிப்பாவி!"

பிள்ளைக்கு வரும்வரை நோல்வியா அங்கேயே உட்கார்ந்திருந்தாள். வந்ததும் டப்பாவை எடுத்துக்கொண்டு, கைக்குழந்தையைப் பக்கத்து வீட்டில் விடச்சொல்லி, தாயையும் மகளையும் பின்னால் ஏற்றி மலைச்சரிவில் இறங்கினாள்.

சுகாதார நிலையத்தில் மின்சாரம் இல்லை. நுண்ணோக்கியை ஜன்னலோரம் தூக்கி வைத்து, அதன் அடியிலிருந்த கண்ணாடியை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். மலைமேல் மேகம் கூடிக்கொண்டிருந்தது. தகட்டைப் பொருத்தினாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. கொஞ்சம் நகர்த்தினாள். மெல்லிய ஓடுள்ள கொக்கிப்புழு முட்டைகள். பார்த்த இடமெல்லாம் முட்டைகள். எண்ணுவதை விட்டுவிட்டு டாக்டரைக் கூப்பிட்டாள்.

டாக்டர் பிள்ளையின் விரலில் குத்தி இரத்தம் பார்த்தார். அது தண்ணீர்போல் வெளுத்திருந்தது. உடனே வாசலுக்குப் போய், நகரத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த காப்பி வண்டியை நிறுத்தினார்.

வண்டியில் மூட்டைகளுக்கு நடுவே இல்சியா அழுதாள். "செத்துருவாளா கொமாட்ரே?"

"வாய மூடு. அவ கைய விடாத," என்றாள் நோல்வியா. ஒரு சாக்கை இழுத்துப் பிள்ளைமேல் போர்த்தினாள்.

நகரத்து ஆஸ்பத்திரியில் இரத்தம் ஏற்றினார்கள். புழு மாத்திரையும் இரும்புச்சத்து மருந்தும் கொடுத்தார்கள். புனித வாரத்துக்கு முன்பே ரோசிபெல் புதுச் செருப்போடு ஊர் திரும்பினாள். ஊசி போடக் கூட்டிப்போனவள் என்று ஞானத்தாயைப் பார்த்தாலே அம்மாவின் பாவாடைக்குள் ஒளிந்துகொண்டாள்.

இப்போதும் எந்தப் பிள்ளையின் தகடாவது முட்டை ஒன்றும் இல்லாமல் சுத்தமாக இருந்தால் நோல்வியாவுக்கு மனசு கேட்பதில்லை. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்தப் பிள்ளையின் வீட்டுக்கே கிளம்பிவிடுகிறாள்.