பேத்தை மீனுக்குப் பொரி போட்டவர்

என் மாமனார், ஜவுளிக்கடை சதாசிவம் இறந்த செய்தி வந்தபோது நான் பாகூரில் அண்ணன் வீட்டில் இருந்தேன். கடை ஆள் கலிவரதன் வேர்த்து விறுவிறுத்து வந்து, "முதலாளி போய்ட்டாரும்மா" என்றார். பஸ் பிடித்து வில்லியனூர் வந்து சேர்வதற்குள் பந்தலில் கிடத்தியிருந்தார்கள். "எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காத மனுஷன்" என்று கடைத்தெருவே சொல்லிக்கொண்டிருந்தது. கடைத்தெருவில் அவரைத் தெரிந்த உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். எறும்பைப் பற்றி எனக்குத் தெரியாது. மீனைப் பற்றித் தெரியும்.

நான் வாழ்க்கைப்பட்டு வந்தது எழுபதுகளின் தொடக்கத்தில். முட்டை என்ற சொல்கூட நுழையாத சைவ வீடு. ஆனால் கடை வாசலில் ஒரு கண்ணாடித் தொட்டி, அதற்குள் ஒரு பேத்தை மீன். வீராம்பட்டினத்து வாடிக்கைக்காரர் ஒருவர் வலையில் சிக்கியதை வேடிக்கைக்குக் கொண்டுவந்து கொடுத்தது. சீண்டினால் தண்ணீரைக் குடித்துப் பந்தாக உப்பிவிடும். மாமா துணி அளக்கும் கஜக்கோலால் குத்துவார். கூட்டம் கூடும், புடவை விற்கும். வாராவாரம் கலிவரதன் சைக்கிளில் கேன் கட்டிக் கடல் தண்ணீர் கொண்டுவருவார். காற்று மோட்டார் மதராஸிலிருந்து வந்தது. அதிலெல்லாம் குறை சொல்ல முடியாது.

சாப்பாடுதான் பொரி. "நண்டு, நத்தை போடணும் முதலாளி. ஓட்டைக் கடிச்சாத்தான் அதுக்குப் பல்லு தேயும். இல்லன்னா வளந்துக்கினே போயி வாய அடைச்சிடும்" என்று சொல்லித்தான் கொடுத்திருந்தார் அந்த மனிதர். மாமா சிரித்தாராம். "என் வூட்டுச் சோத்தத் தின்னா அதுவும் சைவந்தான்பா. பழகிடும்." பழகிடும் என்பது அவருடைய மந்திரம். நாளெல்லாம் நின்று கால் வீங்கிய கடை ஆட்களிடமும் அதைத்தான் சொன்னார். மூன்றாம் மாதத்தில் கரு கலைந்து நான் சுருண்டு கிடந்தபோது என்னிடமும் அதைத்தான் சொன்னார்.

பல் வளர்ந்தது. மீன் பொரியை முட்டும், பாதி உள்ளே போகும், பாதி கரைந்து மிதக்கும். அது கண்ணை உருட்டி உருட்டி என்னைப் பார்க்கும். சிவ சிவா, பார்க்கச் சகிக்காது! வாய்க்கால் ஓரத்தில் சின்ன நத்தைகளாகப் பொறுக்கி முந்தானையில் முடிந்து வந்து போட்டேன். முதல் ஓட்டை அது நொறுக்கிய அன்று எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

தொட்டியடியில் ஓட்டுத் துண்டை மாமா பார்த்துவிட்டார். கடை நிறைய ஆட்கள். "இன்னாடி இது? கொலைகாரக் கை! இந்தக் கையால இனிமே எனக்குச் சோறு போடாத" என்றார்.

"கடல்லயாவது வுட்டுடுங்க மாமா. பசியில செத்துடும்."

"கடல்ல வுட்டா அது நாலு உசிரத் தின்னும். அந்தப் பாவம் எனக்கெதுக்கு?" பிறகு வாடிக்கைக்காரர்களைப் பார்த்துச் சொன்னார்: "வயித்துல தங்குன உசிர வெச்சிக்கத் துப்பில்ல, மீன் உசிரக் காப்பாத்த வந்துட்டா." சிலர் சிரித்தார்கள். என் கணவர் துணி அளந்துகொண்டிருந்தார்.

என்னைப் பாகூருக்கு அனுப்பினார்கள். ஒரு மாதம் கழித்துத் திரும்பியபோது காய்ந்த தொட்டியில் விற்பனைக்குக் கைக்குட்டைகள் அடுக்கியிருந்தார்கள். "கடைசியில குத்துனாக்கூட உப்பலம்மா" என்றார் கலிவரதன். "வாய தொறக்கவே முடியல. சுத்தியும் பொரி மெதந்துக்கினு இருந்துச்சு."

படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில் என்று அப்போது நான் நினைக்கவில்லை. கொள்கைக்காரர், கல்நெஞ்சக்காரர், அவ்வளவுதான் என்று நினைத்தேன். போன வருஷம் அவர் படுக்கையில் விழுந்தார். தெம்புக்கு முட்டையும் கோழிச் சாறும் கொடுக்கச் சொன்னார் டாக்டர். மாமா செத்தாலும் தொடமாட்டார் என்றிருந்தேன். தொடாமல் இருந்திருந்தால் அந்த மீனைச் சாகவிட்டதற்காக அவரை மன்னித்திருப்பேன்.

டாக்டர் படி இறங்குவதற்குள் என்னைக் கூப்பிட்டார். "மருந்துன்னா பாவம் இல்லம்மா. வேக வை. ஊருக்குத் தெரிய வேணாம்."

வேகவைத்தேன். ஊட்டினேன். பத்து நாளில், "ஆட்டுக்கால்ல தெம்பு ஜாஸ்தியாமே" என்றார். அதையும் செய்தேன்.

அவருடைய படத்தை நீங்கள் கடையில் மாட்டிக்கொள்ளுங்கள். எனக்கென்று நான் வைத்துக்கொள்வது ஒன்றுதான்: கிண்ணத்தோடு நான் போய் உட்காருவதற்குள் ஆவென்று திறந்துகொள்ளும் அவருடைய வாய்.