அந்தக் கயிறு என்னுடையது

தோர்ண்டன் ஹீத்தில் முதன்முதலில் முருங்கைக்காய் விற்றவன் நான். வேறு யாராவது உரிமை கொண்டாடினால் நம்பாதீர்கள். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் பெற்றோல் ஸ்டேஷனில் இரவு ஷிப்ட் நின்றபடியே, பகலில் பழைய லொறியில் மரக்கறி ஏற்றி வால்தம்ஸ்டோ வரை வீடு வீடாகக் கொடுத்தேன். பிறகு கடை போட்டேன். கடைக்கு மேலே வீடு வாங்கினேன். பக்கத்துக் கடையையும் சேர்த்து நடுச்சுவரை இடித்தேன். வங்கிக்காரன் சிரித்தான், சொந்தக்காரரும் சிரித்தார்கள். இரண்டு பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினேன். லூயிஷாமில் ஒரு வாடகை மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் சைவ வகுப்பு நடக்கிறதே, அதற்கு மேசை கதிரை வாங்கிக் கொடுத்ததும் நான்தான். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதையும் முழுக்கப் படிக்கவில்லை.

இவ்வளவும் கட்டியவன் இன்று முன் அறையில் ஒரு சாய்வு நாற்காலிக்குப் பக்கத்தில் இருக்கிறேன். மனைவிக்கு ஸ்ட்ரோக் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. மிஞ்சியது இடது கை. நான் எழும்பினால் அந்தக் கை என் சுவெட்டரைப் பிடித்துக்கொள்ளும். தேத்தண்ணி போடப் போவதென்றாலும் விரல் விரலாகக் கழற்ற வேண்டும். ஜன்னலால் பார்த்தால் பஸ் தரிப்பிடம் தெரியும். ஆட்கள் ஏறுகிறார்கள், போகிறார்கள். முதியோருக்கான இலவசப் பயண அட்டை எனக்கும் இருக்கிறது. அது பேர்சுக்குள் கிடக்கிறது.

ஞாயிறு பின்னேரம் மட்டும் பராமரிக்கிற பிள்ளை ஒருத்தி வருவாள். அந்த நேரத்தில்தான் நான் வகுப்புக்குப் போவேன்.

வகுப்பு எடுக்கிற மாஸ்டர் ஊரில் கல்லூரியில் படிப்பித்தவர். மனைவி காலமாகிவிட்டார். பிள்ளைகள் கனடாவில். ஒற்றை அறையில் ஒரு சூட்கேசோடு இருக்கிறார். ஒரு ஞாயிறு அவர் எடுத்த பாடம் பாசம். உயிரைக் கட்டியிருக்கும் கயிற்றுக்குத்தான் பழைய நூல்களில் அந்தப் பெயராம். அது அறுந்தால்தான் உயிருக்கு விடுதலையாம். எமன் கையில் இருப்பதும் பாசக்கயிறு, பெற்ற பிள்ளையில் வைப்பதும் பாசம். ஒரே சொல். அவர் வெட்டு, விடு என்று சொல்லச் சொல்ல, பிடித்து வைக்க ஒன்றும் இல்லாத ஆளுக்கு விடுவது சுகம்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று என்னைக் காரில் கூட்டிக்கொண்டு போனவள் மகள். தாயை விடுவதற்கு ஒரு பராமரிப்பு இல்லம் பார்த்து வைத்துவிட்டு, என் சம்மதத்துக்காகக் காத்திருந்தாள். பின்வரிசையிலிருந்து கையை உயர்த்தினாள்.

"அப்ப மாஸ்டர், ஏலாத ஆளை வீட்டிலயே வச்சுப் பாத்துத் தானும் ஏலாத ஆளாகிறதும் இந்தப் பாசம்தானே?"

"ஓம் பிள்ளை. அதுவும் கட்டுத்தான்."

சென்னையிலிருந்து வந்த பிரசவ டாக்டர் அம்மா ஒருவரும் வகுப்புக்கு வருவார். அவர் திரும்பிச் சொன்னார்: "ஆமா. எனக்கு இது தொப்புள்கொடி மாதிரிதான் படுது. குழந்தை பிறந்தா வெட்டித்தானே ஆகணும்."

எல்லோரும் தலையாட்டினார்கள். நான் எழும்பினேன்.

"மாஸ்டர், நீங்கள் லொறியில சாமான் கட்டியிருக்கிறியளோ?"

"இல்லை அண்ணை. நான் பெடியளைத்தான் கட்டி மேய்ச்சனான்."

சிரித்தார்கள். சிரித்து முடியும்வரை நின்றேன்.

"முதல் லோடுக்கு நான் கயிறு போடேல்லை. ரவுண்டபோட் சந்தியில திரும்பினன், வெங்காயம் முழுக்க ரோட்டில. பொலிஸ்காரனும் நிண்டு பொறுக்கினவன். கயிறு சாமானைச் சிறை வைக்கிறேல்லை மாஸ்டர். போற இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்குது. போய்ச் சேந்தாப் பிறகு அவிழ்க்கலாம். ஓடுற லொறியில அவிழ்க்கிறவன் விசரன்."

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சரி அண்ணை. உங்கட கதைப்படி சாமான் ஆர்? அவவோ, நீங்களோ?"

நான் மறுபடி கதிரையில் உட்கார்ந்தேன்.

திரும்பி வரும்போது காரில் மகள் சொன்னாள்: "படிச்ச ஆள் பாடம் சொல்லேக்க வெங்காயத்தை ஏன் அப்பா கொண்டு போறியள்? அடுத்த மாதம் அம்மாவுக்கு அங்க கட்டில் கிடைக்கும் எண்டவை. யோசியுங்கோ."

அந்த வாரங்களில் வேண்டாம் என்று வாயால் சொல்லிக்கொண்டிருந்தேன். ஜன்னலால் தெரிகிற அந்தப் பஸ் எந்த ஊரில் போய் முடிகிறது என்று போனில் பார்த்தும் வைத்திருந்தேன்.

அப்போதுதான் வகுப்பின் ஆண்டு மலர் வந்தது. முதல் கட்டுரை மாஸ்டருடையது. பாசம் என்பது பயணம் முடியும்வரை சுமையைக் காக்கும் கயிறு, சென்று சேருமுன் அதை அவிழ்ப்பது அறிவன்று என்று அழகாக எழுதியிருந்தார். வெங்காயம் இல்லை. லொறி இல்லை. நானும் இல்லை.

மகள் அதை வாசித்துவிட்டு வந்தாள். தாயின் தலையைத் தடவிக்கொண்டே பேசினாள்.

"மாஸ்டர் எழுதினது சரி அப்பா. அம்மா உங்களோடையே இருக்கட்டும். அந்த இடம் வேண்டாம் எண்டு போன் பண்ணிச் சொல்லிட்டன்."

"அது நான் சொன்னது பிள்ளை."

"நீங்கள் வெங்காயத்தைப் பற்றியெல்லோ சொன்னனீங்கள்."

என் கட்சி வென்றுவிட்டது. ஆனால் அவள் கார் போன பிறகு, வெளியிலிருந்து யாரோ கதவைப் பூட்டிவிட்டுப் போனதுபோல் இருந்தது. அந்தக் கட்டில் இப்போது வேறு யாருக்கோ போயிருக்கும். இனி ஒருநாள் எனக்கு ஏலாது என்று நானே சொன்னாலும், மகள் மலரை எடுத்து என் வாக்கியத்தை எனக்கே வாசித்துக் காட்டுவாள், மாஸ்டர் சொன்னது என்று.

மாஸ்டருக்குப் போன் எடுத்துக் கேட்டேன்.

"கருத்து எல்லாருக்கும் பொது அண்ணை," என்றார். "ஒண்டும் எங்கட இல்லை எண்டதுதானே பாடம்."

"அப்ப கட்டுரைக்கு மேல உங்கட பேர் என்னத்துக்கு?"

"அது அச்சடிச்சவை போட்டது."

மலரை இரண்டாம் தடவை அச்சடிக்கப் போகிறார்களாம். ஆகவே மலர் போடுகிற உங்களுக்கு இதை எழுதுகிறேன், வலது கையால். சுவெட்டரின் இடது கை மனைவியின் பிடியில் இருக்கிறது. பாசத்தை டாக்டர் அம்மா தொப்புள்கொடி என்று படித்தார், மாஸ்டர் கட்டு என்று படித்தார், அவரவர் வாழ்ந்தபடி படித்தார்கள். அதில் எனக்குக் குறை இல்லை. லொறிக் கயிறு என்று படித்தவன் நான் ஒருவன்தான். கட்டுரைக்கு மேல் என் பெயரைப் போடுங்கள். வெங்காயத்தையும் திருப்பிப் போடுங்கள். சாமான் யார் என்ற மாஸ்டரின் கேள்வியை வேண்டுமானால் அவர் பெயரிலேயே கீழே போடுங்கள், அதற்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை. ஆனால் சுமையைக் காக்கும் கயிறு என்று சொன்னவன் நான். அதில் கட்டுண்டு இருப்பவனும் நான். அதை அச்சில் போட வேண்டும்.