மாஸ்டர் நன்மை வாங்காத ஞாயிறுகள்

இன்பசேகரன் மாஸ்டர் பேசினால் விளாங்குடியில் எங்கள் தெரு முழுக்கக் கேட்கும். ஒரு மிஷன் பள்ளியில் நெடுநாளாக விளையாட்டு ஆசிரியர். மைதானத்தின் அந்தக் கோடியில் நிற்கும் பையனைக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை; பக்கத்தில் நிற்பவரிடம் மணி கேட்டாலும் அதே சத்தம்தான் வரும். அத்தனை பெரிய குரலில் ஒரு சொல் மட்டும் வராது. யார் எதைக் கேட்டாலும் 'முடியாது' என்று சொல்ல அவருக்கு வராது.

இதை நான் தெரிந்துகொண்டது என் வேலையிடத்தில். ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்வது என் வேலை. நல்லகாமன் அண்ணன் வீட்டு மாடியில் எதிரெதிரே இரண்டு குடித்தனங்கள். ஒன்றில் மாஸ்டர், ஒன்றில் நான். நான் குடிவந்த புதிதில், எழுத்து மங்குகிறது என்று மாஸ்டர் கடைக்கு வந்தார். ஒரு கண்ணாடியைப் போட்டு "தெளிவா இருக்கா?" என்று கேட்டேன்.

"தெளிவு மேடம்."

மாற்றிப் போட்டேன். "இது?"

"இதுவும் தெளிவு."

"ரெண்டுல எது நல்லாருக்கு?"

"ரெண்டுமே நல்லாத்தான் இருக்கு. நீங்க பாத்து எதைப் போட்டாலும் சரி."

அளவு தப்பிய கண்ணாடியை ஒரு வருடம் மாட்டிக்கொண்டு திரிந்தார். பஸ் வந்தால் பக்கத்தில் நிற்கும் பிள்ளைகளைப் பலகை வாசிக்கச் சொல்லி ஏறினார். தற்செயலாக அது எனக்குத் தெரியவந்து, ஏன் சொல்லவில்லை என்று சத்தம் போட்டேன். "அம்புட்டு நேரம் மெனக்கெட்டீங்க மேடம். தெரியலன்னு எப்பிடிச் சொல்றது?" என்றார்.

இப்படி ஒருவர் எப்படித்தான் குடும்பம் நடத்தியிருப்பார் என்று எனக்கு ஒரே ஆச்சரியம். கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொண்டேன். அவருடைய மோட்டார் சைக்கிளைப் பள்ளியில் யாராவது ஒருவர் எடுத்துப் போயிருப்பார்; அவர் பஸ்ஸில் வருவார். லீவு நாளில் யார் வீட்டுப் பந்தல் போட்டாலும் கயிறு இழுக்க அவர் இருப்பார். மனைவி அற்புதமேரி அவருக்கு மாமன் மகள், திண்டுக்கல்லில் நர்ஸ். ஊருக்கே நேர்ந்துவிட்ட ஆளோடு எத்தனை நாள் இருப்பது என்று ஒருநாள் அலுத்துப்போய், பிரிந்துவிடலாமா என்று கேட்டிருக்கிறார்.

"நான் சரின்னுட்டேன்" என்றார் மாஸ்டர்.

"உங்களுக்குப் பிரியணும்னு இருந்துச்சா?"

"அதை யாரும் எங்கிட்டக் கேக்கலயே மேடம்."

கோர்ட்டில் பிரிந்த பிறகு அற்புதமேரி இரண்டு தடவை அவரைத் திரும்பக் கூப்பிட்டார். இரண்டு தடவையும் போனார். சில மாதங்களில் பழைய சண்டை, மறுபடியும் பையோடு மாடியேறி வந்தார். இரண்டாம் தடவை வந்தபோது நான் பார்த்தேன். பல வாரங்கள் அந்த வீட்டிலிருந்து சத்தமே இல்லை. விசிலை ஆணியில் மாட்டிவிட்டு, மருத்துவ விடுப்பில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். "இன்னொருக்க கூப்பிட்டா போயிருவேன். போனேன்னா பெறகு நான் ஆளா இருக்க மாட்டேன்" என்றார். இதைச் சொல்லும்போதும் தெருவுக்கே கேட்டது.

எனக்கும் ஒரு பழைய கணக்கு இருந்தது. சாய்பிரசாத். மகால் பக்கம் ஜவுளிக்கடை. எங்கள் சௌராஷ்ட்ரப் பெரியவர்கள் பேசிச் சேர்த்தார்கள், அவர்களே பேசிப் பிரித்தார்கள். பிரிந்த பிறகுதான் அவருக்கு என்மேல் அக்கறை வந்தது. அவர் அம்மா கொடுத்துவிட்ட புளியோதரையைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு வருவார். வாளியைத் திருப்பி வாங்க மறுபடி வருவார். வாசலில் நின்று, "நான் மாறிட்டேன் வேணி" என்பார். அவர் மாறியிருக்கலாம், எனக்கு அதில் ஆர்வமில்லை.

ஓர் ஐப்பசி நாளில் நான் கடையில் இருந்தபோது சாய்பிரசாத் வந்திருக்கிறார். தூறல் ஆரம்பித்ததால் மாஸ்டர் மொட்டைமாடிக் கொடியிலிருந்து துணி எடுத்திருக்கிறார். அவருடையதோடு என்னுடையதையும் சேர்த்து அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கி வர, என் கதவு முன்னால் தூக்குவாளியோடு ஆள். அவர் தோளில் கிடந்த என் சேலையைச் சாய்பிரசாத் பார்த்திருக்கிறார்.

அன்று சாயங்காலம் மாஸ்டர் என் வாசலில் வந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"மேடம், ஒரு தப்பு நடந்துபோச்சு."

"என்ன மாஸ்டர்?"

"நான் உங்க வீட்டுக்காரர் ஆயிட்டேன்."

சாய்பிரசாத் கேட்டாராம்: "நீங்க ஹம்சவேணியோட வீட்டுக்காரரா?" இவர் வழக்கம்போல, "ஆமா சார்."

"அறிவிருக்கா மாஸ்டர் உங்களுக்கு?"

"அவரு மொகத்தப் பாத்தா ஆமான்னு எதிர்பாக்குற மாதிரி இருந்துச்சு. என்னால இல்லன்னு சொல்ல முடியல மேடம்."

அன்று கதவைச் சாத்திக்கொண்டேன். ஆனால் அந்த மாதம் தூக்குவாளி வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை. வாசலில் அப்படி ஓர் அமைதியை நான் அனுபவித்ததே இல்லை. ஒருநாள் மாஸ்டரே தயங்கித் தயங்கிச் சொன்னார்: "இது இப்பிடியே இருந்துட்டுப் போகட்டுமா மேடம்? அற்புதம் கூப்பிட்டா எனக்கும் சொல்றதுக்கு ஒண்ணு இருக்கும். வர மாட்டேன்னு சொல்ல வேண்டியதில்ல. இங்க ஆள் இருக்குன்னு சொன்னாப் போதும்ல?"

அப்படித்தான் ஆரம்பித்தது. என் வாசலில் அவருடைய பழைய கேன்வாஸ் ஷூ ஒரு ஜோடி வைத்தோம். கடையிலிருந்து வரும்போது அவர் பஸ் நிறுத்தத்தில் காத்திருப்பார். சாய்பிரசாத் சும்மா விடவில்லை. எதிர் டீக்கடையில் நின்று பார்ப்பதாக வீட்டுச் சொந்தக்காரர் நல்லகாமன் அண்ணன் வந்து சொன்னார். அவரிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லியிருந்தோம். அவருக்கு எங்கள் நடிப்பில் திருப்தியில்லை.

"புருசன் பொண்டாட்டின்னா இம்புட்டு மரியாதை ஆகாது மாப்ள. 'வாங்க மேடம், பாத்து வாங்க மேடம்'கிற. உங்களப் பாத்தா பேங்க் மேனேசரும் நகை வைக்க வந்தவரும் மாதிரி இருக்கு. ஒரு நாளாவது சத்தம் போட்டு வையி."

"அவங்கள எப்பிடிண்ணே வையிறது?"

"தண்ணி டேங்க் வழியுதா? மோட்டாரப் போட்டது யாரு? அதுல ஆரம்பி."

மறுநாள் காலை டேங்க் வழிந்தது. மாஸ்டர் மைதானத்துக் குரலில், "வேணி! மோட்டார அமத்துறியா இல்லையா? கண்ணு எங்க இருக்கு?" என்று கத்தினார். தெருவில் இரண்டு கதவு திறந்தது. டீக்கடையில் நின்ற சாய்பிரசாத்தின் ஸ்கூட்டர் கிளம்பிப் போனது. நான் மோட்டாரை அணைத்துவிட்டு வந்தபோது என் வாசலில் கைகட்டி நின்றார். "மன்னிச்சுக்கங்க மேடம். கண்ணப் பத்திப் பேசியிருக்கக் கூடாது." எனக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது.

அற்புதமேரி போன் செய்தபோது, "இங்க ஆள் இருக்கு அற்புதம்" என்று சொல்லிவிட்டார். மறுமுனையில் அவர் சிரித்துவிட்டு வைத்தாராம். நம்பவில்லை.

நம்ப வைத்தது வேறு ஒன்று. மாஸ்டர் வேலை பார்த்த பள்ளியில் ஜாய்ஸ் என்று ஓர் ஆசிரியை. எங்கள் கடைக்குக் கண்ணாடி மாற்ற வந்தவர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "மாஸ்டர் இப்பல்லாம் நன்மை வாங்குறதில்லைங்க" என்றார். சர்ச் பூசையின் கடைசியில் எல்லோரும் வரிசையில் போய்ச் சாமியாரிடம் அப்பம் வாங்குவதை அவர்கள் நன்மை வாங்குவது என்பார்கள். "வாராவாரம் மொத ஆளா நிப்பாரு. இப்ப கோயிலே எந்திரிச்சுப் போகுது, அவர் மட்டும் பெஞ்சுல உக்காந்துருக்காரு. கல்யாணம் ஆகாமச் சேந்து இருக்கவங்கதான் அப்பிடி உக்காருவாங்க. அப்ப கேள்விப்பட்டது நெசந்தான் போலன்னு எல்லாரும் பேசிக்கிறோம்."

வீட்டுக்கு வந்து மாஸ்டரைக் கேட்டேன்.

"பொய்ய வச்சுக்கிட்டு எப்பிடி மேடம் வாங்குறது?"

"சாமியார்கிட்டப் பாவத்தச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு வாங்கிக்கலாம்ல? அதுக்குத்தான அது இருக்கு?"

"பண்ணலாம். ஆனா இனிமே செய்ய மாட்டேன்னு மனசாரச் சொல்லணும். திங்கக்கிழமை உங்க சாய்பிரசாத் வந்து கேட்டா நான் மறுபடி ஆமான்னுதான சொல்லணும்?"

மாஸ்டர் வாயால் சொன்ன பொய்யை அற்புதமேரி சிரித்துத் தள்ளிவிட்டார். பொய்யோடு போய்க் கை நீட்டக் கூடாது என்று நேர்மையாக உட்கார்ந்தாரே, அப்படி உட்கார்ந்ததுதான் ஒரு கோயிலையே நம்ப வைத்துவிட்டது. யாரோ உறவுக்காரர் வழியாக அது திண்டுக்கல்லுக்கும் போனது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அற்புதமேரி வந்தார். ஒல்லியான பெண்மணி, டியூட்டி முடிந்த களைப்பு முகத்தில். இரண்டு வாசலுக்கும் நடுவில் நின்றார். என்னைப் பார்த்து, "நீங்கதானா?" என்றார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

"மச்சான், போன்ல சொன்னப்ப நம்பல. யாரோ சொல்லிக் குடுத்துப் பேசுறீகன்னு நெனச்சேன். நன்மை வாங்கலன்னு கேட்டதுந்தான் நெஞ்சு திக்குன்னு ஆச்சு. எம்புட்டுச் சண்டை போட்டிருக்கோம், ஒரு ஞாயித்துக்கெழமை விட்டிருப்பீகளா?"

மாஸ்டர் தலைகுனிந்து நின்றார்.

"நான் விட்டுட்டுப் போனதுனாலதான இப்பிடி ஆனீக? கோர்ட்டு பிரிச்சுச்சு, கோயில் பிரிக்கலயே. பைய எடுங்க. எல்லாத்தையும் விட்டுட்டு வந்து சாமியார்கிட்டச் சொல்லுங்க. பழையபடி இருப்போம்."

அவரைத் தடுக்கக் கட்டிய வேலி, இப்போது அவரை இழுத்துப் போவதற்கே காரணமாகிவிட்டது. பாவத்தில் கிடக்கிறவரை மீட்க வந்திருக்கிறார். அதற்கு யார்தான் மாட்டேன் என்பார்கள்? மாஸ்டரோ எதற்குமே அப்படிச் சொல்லாதவர். அவர் உள்ளே போய்ப் பையை எடுப்பார் என்றே நினைத்தேன்.

அவர் படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "அற்புதம், இவங்க பக்கத்து வீட்டுக்காரங்க. அம்புட்டுத்தான். ஆள் இருக்குன்னு சொன்னது பொய்."

அற்புதமேரி முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப ஒரு தடையும் இல்ல. கெளம்புங்க."

மாஸ்டர் ஏதோ சொன்னார். தெருவுக்கே கேட்கும் குரல், பக்கத்தில் நின்ற எனக்கே கேட்கவில்லை.

"என்ன சொன்னீக?"

"முடியாது. நான் வரல." இந்தத் தடவை மைதானத்துக் குரல். கீழேயிருந்து நல்லகாமன் அண்ணன், "என்ன மாப்ள, என்ன ஆச்சு?" என்று ஓடிவந்தார்.

"இங்க யாரு இருக்கா உங்களுக்கு?"

"யாரும் இல்ல. யாரும் இல்லன்னாலும் வரல."

அற்புதமேரி அப்படியே படியில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, சொம்பை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்: "இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல மச்சான். பிரிஞ்சுருவோமான்னு கேட்டனே, முடியாதுன்னு சொல்லுவீகன்னுதான கேட்டேன்."

மாஸ்டரும் இரண்டு படி மேலே உட்கார்ந்தார். பிறகு அவரே அற்புதமேரியை பஸ் ஏற்றிவிட்டு வந்தார்.

மறுநாள் ஞாயிறு. பூசைக்கு முன்னாலேயே போய்ச் சாமியாரிடம் சொல்லிவிட்டு, முதல் ஆளாக வரிசையில் நின்றதாக ஜாய்ஸ் சொன்னார்.

நாங்கள் தம்பதி இல்லை என்பது தெருவுக்குத் தெரிந்துவிட்டது. டீக்கடை வழியாகச் சாய்பிரசாத்துக்கும் போனது. தூக்குவாளியோடு படியேறி வந்தார். எதிர்க் கதவைத் திறந்துகொண்டு மாஸ்டர் கலக்கத்தோடு எட்டிப் பார்த்தார். தன்னால்தான் எனக்கு இந்தச் சங்கடம் என்ற முகம். நான் எங்கள் சௌராஷ்ட்ர பாஷையிலேயே சாய்பிரசாத்திடம் சொன்னேன்: அது பொய்தான், எனக்கு யாரும் இல்லை, புளியோதரையும் வேண்டாம், நீங்களும் வேண்டாம். மாஸ்டருக்கு ஒரு வார்த்தை புரிந்திருக்காது. ஆனாலும் தலையைத் தலையை ஆட்டினார். சாய்பிரசாத் அதற்குப் பிறகு வரவில்லை.

மூன்று வருடம் அதே மாடியில் இருந்தோம். நான் மேடம், அவர் மாஸ்டர். மோட்டார் சைக்கிள் வீட்டிலேயே நின்றது. "இன்னைக்கு இல்லப்பா, எனக்கு வேணும்" என்று போனில் சொல்வது எதிர் வீட்டில் எனக்குக் கேட்கும்.

இந்த மாசியில், விளையாட்டு விழாவுக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தவர் மைதானத்திலேயே சாய்ந்துவிட்டார்.

சவப்பெட்டியை அவர் வீட்டுக்குள் வைத்திருந்தார்கள். நான் வாசலில் நின்றேன். யாரோ ஒரு பெண் என் தோளைப் பிடித்து, "தலைமாட்டுல போயி உக்காருங்கம்மா" என்றார். உள்ளேயிருந்து அற்புதமேரி, "அவுக பக்கத்து வீட்டுக்காரவுக" என்றார். சத்தமாக, எல்லோருக்கும் கேட்கும்படி. பிறகு கொஞ்சம் நகர்ந்து, "வாங்க, இங்க உக்காருங்க" என்று தன் பக்கத்தில் இடம் விட்டார்.

உட்கார்ந்தேன். ஜெபமாலை சொல்லி முடித்தார்கள்.

"எங்கிட்ட அந்த ஒரு தடவைதான் முடியாதுன்னு சொன்னாக" என்றார் அற்புதமேரி மெல்ல. "உங்ககிட்ட எதுக்காவது சொல்லியிருக்காகளா?"

"நான் எதுவும் கேட்டதில்லைங்க."

"ஏன்?"

"கேட்டா சரின்னுருவாரேன்னுதான்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அதான் பெறகு அவருக்குச் சொல்ல வந்துருச்சே. கேட்டுப் பாத்திருக்கலாம்ல?"

பெட்டியைத் தூக்கப் பள்ளிப் பிள்ளைகள் சீருடையோடு உள்ளே வந்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் எழுந்து வழிவிட்டோம்.