மட்கார்டைக் கழற்றிய இடம்

போன வருடம், தீபாவளி சீசன். ஆமத்தூர்ப் பக்கமிருந்து சிவகாசி ரோட்டில் உள்ள ஒரு ஆஸ்பத்திரிக்கு தினமும் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தேன். நான் நர்ஸ். என்னுடையது ஹைப்ரிட் சைக்கிள். தார் ரோட்டில் நன்றாக ஓடும். ஆனால் சீசன் வந்துவிட்டால் லோடு லாரிக்காரர்களின் கண்ணில் சைக்கிள் படுவதே இல்லை. இரண்டு தடவை என்னை ரோட்டை விட்டே இறக்கினார்கள். மூன்றாவது தடவைக்குக் காத்திருக்க நான் முட்டாள் இல்லை. கரிசல் காட்டு வண்டிப்பாதையில் போவது என்று முடிவு செய்தேன்.

சைக்கிளையும் அதற்கேற்ப மாற்றினேன். ஃபிரேமில் இடம் இருந்த அளவுக்கு அகலமான, பல் வைத்த டயர். கருவேல முள் டியூபில் இறங்காமல் இருக்க உள்ளே ஒரு பட்டை. சரளைக் கல்லில் துள்ளாமல் போகக் காற்றைக் கொஞ்சம் குறைத்தேன்.

"ஆஸ்பத்திரிக்குப் போறியா, இமயமலைக்கா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"லாரிக்காரன் அடிச்சா நீங்களா வந்து கட்டுப் போடுவீக?" என்றேன்.

மட்கார்டை மட்டும் கழற்றவில்லை. போட்டிருப்பது வெள்ளை யூனிபார்ம். மழை இல்லாதவரை சைக்கிள் ஒரு குறையும் வைக்கவில்லை.

அன்று எனக்கு மதிய ஷிப்ட். இரண்டு மணிக்கு நான் போய் நின்றால்தான் காலை ஷிப்ட் நர்ஸ் கிளம்ப முடியும். சாயங்காலம் அவள் மகளுக்கு மதுரையில் நிச்சயதார்த்தம். பாதி வழியில் இடியும் மழையும் பிடித்துக்கொண்டன. கரிசல் மண் டயரில் அப்பி, மட்கார்டுக்குள் அடைத்து, சக்கரம் நின்றே போனது. பக்கத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனி, கேட் திறந்து கிடந்தது. உள்ளே மரத்தடிக்கு இழுத்துப் போய், ஸ்க்ரூடிரைவரைக் கல்லால் தட்டி மண்ணைக் குத்த ஆரம்பித்தேன்.

வாட்ச்மேன் ஓடி வந்தார். "யக்கா, இங்கன இரும்பைத் தட்டக் கூடாது, பொறி பறக்கும். வெளிய போயிருங்க."

"இந்த மழையில எங்க போக அண்ணாச்சி?"

"நீங்க எங்க வேணாலும் போங்க. நாங்க மேல போயிரக் கூடாதுல்ல."

எனக்கு வந்த கோபத்தில் கத்திவிட்டேன், இரண்டு மணிக்கு நான் போகாவிட்டால் ஒரு பெண்ணின் நிச்சயதார்த்தத்துக்கு அவள் அம்மா போக முடியாது என்று. இடி இடித்தால் ஷெட்டுகளைக் காலி செய்துவிடுவார்கள். அப்படி வெளியே வந்து கேட்டருகே நின்றிருந்த பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கையெல்லாம் வெள்ளி நிறத்தில் பட்டாசு மருந்துத் தூள்.

"நிச்சயமா? ஏ, வாங்கடி, தூக்குவோம்," என்றாள் ஒருத்தி.

நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் நாலு பேர் செருப்பைக் கழற்றிவிட்டு சைக்கிளைத் தோளில் ஏற்றிவிட்டார்கள். "யக்கா, இது சைக்கிளா, மண்ணு லோடா?" என்று சிரித்துக்கொண்டே முழங்கால் சேற்றில் நடந்தார்கள். கம்பெனி வேலியைத் தாண்டி ஓடைக்கரைச் சரளை மேட்டில் இறக்கி வைத்தார்கள். அங்கே உட்கார்ந்து இரண்டு மட்கார்டையும் கழற்றினேன். ஒருத்தி குச்சியால் மண்ணைச் சுரண்டினாள். "இத என்ன செய்ய?" என்று மட்கார்டைத் தூக்கிக் காட்டினாள். "வீசிரு," என்றேன்.

அதற்குப் பிறகு டயர் தன் திறமையைக் காட்டியது. ஈரச் சரளையில் ஒரு இடத்தில்கூட வழுக்கவில்லை. இரண்டு மணிக்குள் ஆஸ்பத்திரியில் நின்றேன், கழுத்து வரை கரிசல் சேற்றோடு. காலை ஷிப்ட் நர்ஸ் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "எந்தக் கம்மாயில விழுந்தீக?" என்றபடியே பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

இப்போதும் அதே பாதை, அதே சைக்கிள்; மட்கார்டு இல்லை, யூனிபார்ம் பைக்குள் இருக்கிறது. லாரிக்காரர்கள் மேல் உள்ள கோபமும் அப்படியேதான் இருக்கிறது. யார் தயவும் வேண்டாம் என்றுதான் அந்த சைக்கிளை மாற்றினேன். ஆனால் முகம் தெரியாத ஒரு பெண்ணின் நிச்சயதார்த்தத்துக்காக நாலு பேர் சேற்றில் இறங்கிய அந்தச் சரளை மேடு வந்தால், எவ்வளவு அவசரம் என்றாலும் இறங்கி, தள்ளிக்கொண்டுதான் நடக்கிறேன்.